தராசு சொல்லட்டும்!

சென்ற வாரம் ஆர்.கே.பேட்டைக் கடைத்தெருவில் ஒரு பெரியவர் என்னை நிறுத்தினார். தோளில் துண்டு; காலில் செம்மண்; ஒரு கையில் உரக்கடை ரசீது; மறு கையில் ஒரு பாட்டில். பாட்டிலின் மேல் பச்சைப்பசேலென ஒரு செடி, செடிக்கடியில் தொடைப் பருமனுக்கு ஒரு கிழங்கு, அதைச் சுற்றிலும் தங்க நிறத்தில் ஆங்கில எழுத்து.

"இன்னா தம்பி, நீ பேப்பர்ல எழுதற புள்ளதானே? இதுல இன்னா போட்டிருக்குதுன்னு கொஞ்சம் படிச்சுச் சொல்லு" என்றார்.

"தெரியாமலா வாங்கினீங்க, பெரியவரே?" என்று கேட்டேன்.

"நான் எங்கப்பா வாங்கினேன்? யூரியா கேட்டேன். இதையும் எடுத்தாத்தான் மூட்டைன்னுட்டாங்க. மூட்டை வெலையவிட இந்தத் தண்ணி வெல அதிகம்!"

45 கிலோ யூரியா மூட்டையின் விலை 266 ரூபாய் 50 காசு. அந்த மூட்டையின் தலையில் ஏறி உட்கார்ந்த பாட்டிலின் விலை அதற்கும் மேல்! குதிரை வாங்கப் போனவனிடம், "முதலில் சவுக்கு வாங்கு, சவுக்கு வாங்கினால்தான் குதிரை" என்று சொல்லும் வாணிகம் இது. சவுக்கின் விலை குதிரையின் விலையைத் தாண்டி நிற்கிறது!

பெரியவர் அரை ஏக்கரில் சர்க்கரைவள்ளி போட்டிருக்கிறார். கிணற்று நீர் அடிக்குப் போய்விட்டது. மோட்டார் அரைமணி நேரம் ஓடினால் அப்புறம் காற்றைத்தான் இழுக்கிறது. நண்பகலில் கொடி துவண்டு விழுகிறது. போகும்போது அவர் கேட்டார்: "ஆனது ஆச்சு. இத அடிச்சா கெழங்கு பொழைக்குமா தம்பி?"

அன்று எனக்கு விடை தெரியவில்லை. தெரியாததைத் தெரிந்ததுபோல் பேசும் துணிவும் வரவில்லை. தேடினேன், படித்தேன், தெரிந்தவர்களைக் கேட்டேன். இந்தக் கட்டுரை அந்தப் பெரியவருக்கு நான் தீர்க்கும் கடன்.

அவருக்கு விடை சொல்ல மூன்று பேர் ஓடி வருவார்கள். முதலாமவர் வணிகர். "அடியுங்கள்! அற்புதம் பாருங்கள்! மழையே வேண்டாம்!" என்பார். இரண்டாமவர் எதையும் நம்பாதவர். "எல்லாம் ஏமாற்று; கொட்டிவிட்டுப் போங்கள்" என்பார். மூன்றாமவர் பழம்பெருமைக்காரர். "இதெல்லாம் நம் முன்னோர் அறிந்ததே, ஆராயாதே, நம்பித் தெளி" என்பார். மூவரும் மூன்று திசையில் நின்றாலும் ஒன்றில் ஒன்றுபட்டவர்கள். மூவர் கையிலும் தராசு இல்லை!

தராசோடு பேசுவோம், வாருங்கள்.

பயோ ஸ்டிமுலண்ட் என்று கடைக்காரர் சொல்வதை, பயிரூக்கி என்று நாம் சொல்லுவோம். அது என்ன? உரமல்ல, பூச்சிமருந்தும் அல்ல. பயிர் தன் வேலையைத் தானே செவ்வையாகச் செய்யத் தூண்டிவிடும் பொருள். கடற்பாசிச் சாறு, மட்கிய பொருளிலிருந்து எடுக்கும் ஹியூமிக் அமிலம், நன்மை செய்யும் சில நுண்ணுயிர்கள் ஆகியவை எல்லாம் இந்த இனம்.

தறியிலே நிற்கும் தோழனுக்கு இது எளிதில் விளங்கும். ஆர்.கே.பேட்டையும் பொதட்டூர்பேட்டையும் அம்மையார்குப்பமும் தறி ஓசையில் கண்விழிக்கும் ஊர்களல்லவா? பாவுக்குக் கஞ்சி போடுகிறோமே, எதற்காக? தறியின் இழுப்பில் நூல் அறாமல் தாங்குவதற்காக. கஞ்சி போட்ட பாவு தாங்கும். போடாத பாவு அறும். ஆனால் கஞ்சியே நூலாகுமா? நூலில்லாத தறியில் கஞ்சியை நெய்து வேட்டியாக்க முடியுமா? பயிரூக்கியும் அப்படித்தான். தண்ணீர்தான் நூல், ஊக்கி வெறும் கஞ்சி. இழுப்பைத் தாங்க உதவும், இல்லாததை உண்டாக்காது.

இனி மண்ணுக்குள் பார்ப்போம். மண் காய்ந்ததும் செடி ஒரு செய்தி அனுப்புகிறது. அந்தச் செய்தியைச் சுமக்கும் பொருளுக்கு அப்சிசிக் அமிலம் என்று விஞ்ஞானிகள் பெயரிட்டிருக்கிறார்கள். செய்தி கிடைத்ததும் இலை தன் நுண்துளைகளை மூடிக்கொள்கிறது. உள்ளிருக்கும் ஈரம் ஓடிவிடாமல் கதவடைப்பு! ஆனால் ஈரம் வெளியே போகும் வழிதான் காற்றிலுள்ள கரியமில வாயு உள்ளே வரும் வழியும். கதவை மூடினால் தாகம் தணியலாம், அடுப்பு அணைந்துவிடும். மாவு சமைப்பதற்குச் சரக்கு இல்லை. மாவு இல்லையென்றால் கிழங்கு ஏது?

நெற்கதிர் பதராவதை உழவன் கண்ணால் காண்கிறான். கிழங்கின் அழிவோ கண்ணுக்குத் தெரிவதில்லை. அது மண்ணுக்குள் புதைத்த உண்டியல். உடைக்கும் நாள்வரை உள்ளே இருப்பது காசா, கல்லா என்று தெரியாது. சர்க்கரைவள்ளியில் எந்த வேர் கிழங்காகப் பருக்கும், எந்த வேர் வெறும் வேராக நிற்கும் என்பது நட்ட முதல் சில வாரங்களிலேயே முடிவாகிவிடுகிறது. அந்த நாட்களில் ஈரம் தவறினால், கிழங்காக வேண்டிய வேர் விரல் பருமனில் நாராக இறுகிவிடும். பிறகு ஊரையே நனைக்கும் மழை பெய்தாலும் அந்த நார் கிழங்காகாது! மரவள்ளி இன்னும் கெட்டிக்காரப் பயிர். வேரை ஆழமாக விடும், இலையை உதிர்க்கும், மழை வரும்வரை மூச்சடக்கிக் காத்திருக்கும். ஆனால் அதற்கும் முதல் மூன்று மாதம் கண்டம்தான்.

இந்தக் கண்டத்தில்தான் ஊக்கி துணை நிற்கிறது. அளவோடு தந்தால் வேர் ஓட்டம் பெருகுகிறது. செல்லுக்குள் நீரைப் பிடித்து வைக்கும் புரோலின் போன்ற பொருள்கள் சேர்கின்றன. இலையின் பச்சை சில நாள் கூடுதலாக நிற்கிறது. மழை வந்ததும் செடி விரைவில் எழுகிறது. பல நாட்டு ஆய்வுக்கூடங்கள் கண்ட உண்மை இது. அளவு மீறினால் வளர்ச்சியே குன்றும் என்பதும் அவர்கள் கண்டதுதான். ஒரு மூடிக்கு நல்லதென்றால் நான்கு மூடிக்கு நான்கு மடங்கு நல்லது என்ற கணக்கு இங்கே செல்லாது.

இந்த அறிவு எங்கே பிறந்தது? பங்களாவிலா? பங்குச்சந்தையிலா? இல்லை தோழர்களே, உழைப்பாளியின் கையில் பிறந்தது!

அயர்லாந்தின் மேற்கே ஆரன் தீவுகள் என்று மூன்று தீவுகள் உண்டு. எங்கும் பாறை, மண்ணென்று சொல்ல மண்ணில்லை. அந்த மக்கள் பாறை இடுக்கிலிருந்து பிடி பிடியாக மண்ணைச் சுரண்டினார்கள், மணலைச் சேர்த்தார்கள், அலையில் இறங்கிக் கடற்பாசியை வாரி முதுகில் சுமந்து வந்து பரப்பினார்கள், அதன்மேல் உருளைக்கிழங்கை விளைவித்தார்கள். 1934-இல் வெளிவந்த 'மேன் ஆஃப் ஆரன்' என்ற படம் அந்தக் காட்சியை உலகுக்குக் காட்டிற்று. அவர்கள் பாசியை எருவாகப் போட்டார்கள். எருவுக்கும் அப்பால் அதில் ஏதோ ஒரு தூண்டும் சக்தி இருக்கிறதென்று பின்னாளில் விஞ்ஞானிகள் கண்டார்கள். இரண்டாம் உலகப் போரை ஒட்டிய ஆண்டுகளில் இங்கிலாந்தில் அதைச் சாறாக்கும் முறையும் வந்தது.

அயர்லாந்து வரை போவானேன்? நம் இராமநாதபுரம் இருக்கிறதே!

பவநகரில் 1954-இல் தொடங்கப்பட்ட மத்திய உப்பு, கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனத்துக்கு நம் மண்டபத்தில் ஒரு கிளை உண்டு. மக்கள் வரிப்பணத்தில் நடக்கும் நிறுவனம். காப்பாஃபைக்கஸ் என்னும் பாசியினம் 1984-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. மண்டபம் கடலில் அதை வளர்க்கும் முறையை அந்த நிறுவனத்தார் வகுத்தார்கள். 2000-ஆம் ஆண்டையொட்டி பெப்சிகோ நிறுவனம் ஒப்பந்த முறையில் உள்ளே வந்தது. 2008-இல் அந்தத் தொழில் வேறு நிறுவனத்துக்குக் கைமாறிற்று. கம்பெனிகள் மாறின. கடலில் இறங்கிய கைகள் மாறவில்லை! மீனவர் குடும்பத்துப் பெண்கள், மகளிர் குழுக்களாகச் சேர்ந்து, மூங்கில் மிதவை கட்டி, கயிற்றில் பாசித் துண்டுகளை முடிந்து, கடலில் விட்டு, 45 நாளில் அறுவடை செய்கிறார்கள். பச்சைப் பாசியைப் பிழிந்தால் சாறு வருகிறது. அது பயிருக்கு ஊக்கி. சக்கையிலிருந்து காரஜீனன் என்ற கூழ்ப்பொருள் வருகிறது. அது ஐஸ்கிரீமுக்கும் பற்பசைக்கும் போகிறது. இந்த முறையைக் கண்டவர்கள் அந்த அரசு நிறுவனத்தின் விஞ்ஞானிகள். இப்கோ என்னும் உழவர் கூட்டுறவு நிறுவனம் கடற்பாசிச் சாற்றைச் 'சாகரிகா' என்ற பெயரில் விற்கிறது.

கண்டது மக்கள் பணத்தில் நடக்கும் ஆய்வுக்கூடம். விளைவித்தது உழைக்கும் பெண்கள். விற்கக் கூட்டுறவும் இருக்கிறது. பிறகு எங்கள் பெரியவர் கையில் பெயர் தெரியாத பாட்டில் ஏன் வந்தது?

அந்தக் கடலின் துயரத்தையும் சொல்லிவிடுகிறேன். 2013-ஐ ஒட்டி மண்டபம் பக்கத்தில் இந்தப் பாசி கூட்டம் கூட்டமாய் மடிந்தது, உற்பத்தி சரிந்தது, பெண்களின் வருமானம் கரைந்தது. கடல்நீர் சூடேறியதை அதற்கு ஒரு காரணமாகச் சொன்னார்கள். வயலைக் காய்ச்சிய அதே வெயில் கடலையும் காய்ச்சுகிறது. குருசடைத் தீவின் பவளப் பாறைகளில் இந்தப் பாசி பரவியதும் நடந்தது. ஆகவே எங்கே வளர்ப்பது என்பதற்குக் கட்டுப்பாடும் வேண்டும். இன்று வளமாவூரில் ஏறத்தாழ 127 கோடி ரூபாயில் கடற்பாசிப் பூங்காவுக்கு 2023 செப்டம்பரில் அடிக்கல் நாட்டியிருக்கிறார்கள். வரட்டும்! ஆனால் பூங்காவின் பலன் மிதவை கட்டும் பெண்ணுக்கும், கிழங்கு நடும் உழவனுக்கும் போய்ச் சேரவேண்டும். இடையில் நிற்கும் பாட்டிலுக்கு மட்டும் போய்விடக் கூடாது.

கடலோடு கதை முடியவில்லை. நம் கோவையில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் இலையின்மேல் வாழும் இளஞ்சிவப்பு நிற நுண்ணுயிர் ஒன்றைப் பெருக்கித் தருகிறார்கள். பி.பி.எப்.எம். என்று சுருக்கப் பெயர். இலை வெளிவிடும் மெத்தனால் ஆவியை அது உண்கிறது. கைம்மாறாகப் பயிர் வளரத் தூண்டும் பொருள்களைத் தருகிறது. வறட்சி நாளில் ஒரு சதவீதக் கரைசலாகத் தெளிக்கச் சொல்கிறார்கள். மரவள்ளிக்கோ தெளிப்பதற்கு முன்பே ஒரு வழி உண்டு. நடும் கரணையை, லிட்டருக்கு 30 கிராம் வீதம் அசோஸ்பைரில்லமும் பாஸ்போபாக்டீரியாவும் கரைத்த நீரில் 20 நிமிடம் ஊறவைத்து நடவேண்டும். குளிக்கும் நேரம்தான்! அதற்குத் தங்க எழுத்துப் பாட்டில் தேவையில்லை.

பஞ்சகவ்யம் பற்றி என்ன சொல்கிறாய் என்று சில தோழர்கள் கேட்பார்கள். கேட்கத்தான் வேண்டும். சாணம், சிறுநீர், பால், தயிர், நெய் ஐந்தோடு வெல்லம், இளநீர், வாழைப்பழம் எல்லாம் சேர்த்து ஒரு மாதம் நொதிக்க வைக்கிறார்கள். 100 லிட்டர் நீருக்கு 3 லிட்டர் வீதம் தெளிக்கிறார்கள். அதில் நுண்ணுயிர் பெருகுகிறது. வளர்ச்சிப் பொருள் உண்டாகிறது. வேளாண்மைப் பல்கலைக்கழகமே அதன் செய்முறையை உழவருக்குச் சொல்லித் தருகிறது. பலன் இருந்தால் எடுத்துக்கொள்ள நமக்கு என்ன வெட்கம்? ஆனால் அது பலன் தருவது புனிதத்தாலல்ல, நொதித்தலால்! மாட்டுக்குப் பொட்டு வைத்தாலும் வைக்காவிட்டாலும் சாணத்திலுள்ள நுண்ணுயிருக்கு வேறுபாடு தெரியாது. மந்திரம் சொல்லிக் கலக்கியதும் சொல்லாமல் கலக்கியதும் தராசில் ஒரே எடைதான் காட்டும். பழையது என்பதற்காக ஏற்பதும் பகுத்தறிவல்ல. பழையது என்பதற்காகத் தள்ளுவதும் பகுத்தறிவல்ல. அளந்து பார்ப்பதே பகுத்தறிவு.

இனிக் கடைக்கு வருவோம். கோபம் வரவேண்டிய இடம் இதுதான்.

2021 பிப்ரவரி வரையில் இந்த ஊக்கிகளுக்கென்று நாட்டில் தனிச் சட்டமில்லை. யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் அடைத்து விற்கலாம் என்ற நிலை. அந்த மாதந்தான் உரக் கட்டுப்பாட்டு ஆணைக்குள் இவற்றைக் கொண்டுவந்தார்கள். பலன் உண்டா என்று வயலில் சோதித்துக் காட்ட வேண்டும். நச்சுத்தன்மை இல்லையென்று மெய்ப்பிக்க வேண்டும் என்று விதி வந்தது. விதி வந்தும் தற்காலிகப் பதிவு என்ற கொல்லைப்புறக் கதவு ஆண்டுக்கணக்கில் திறந்தே கிடந்தது. 2025 ஜூலையில் ஒன்றிய வேளாண் அமைச்சர் சிவராஜ் சிங் சவுகான் தாமே ஒரு கணக்குச் சொன்னார். பல ஆண்டுகளாக ஏறத்தாழ 30,000 பொருள்கள் கட்டுப்பாடின்றி விற்கப்பட்டன. கடந்த நான்காண்டுகளில்கூட 8,000 சுற்றிக்கொண்டிருந்தன. கண்டிப்பான சோதனைக்குப் பின் ஏறத்தாழ 650 ஆகிவிட்டன என்றார்.

30,000 எங்கே, 650 எங்கே! எண்ணிப் பாருங்கள் தோழர்களே! மீதிப் பாட்டில்களுக்கெல்லாம் பணம் கொடுத்தவன் யார்? கடன் வாங்கிக் கொடுத்தவன் யார்? தாலி அடகு வைத்துக் கொடுத்தவள் யார்? எண்ணிக்கை குறைந்துவிட்டதென்று அமைச்சர் சொன்னார். கொடுத்த பணம் திரும்பி வந்ததென்று யாராவது சொன்னார்களா?

மானிய உரத்தோடு வேறு பொருளைக் கட்டி விற்கக் கூடாதென்று அரசே பலமுறை சொல்லியிருக்கிறது. ஆனால் அந்தச் சொல் கடை வாசற்படி ஏறவில்லை. கடைக்காரர் கேட்டால், "மேலே உள்ளவர்கள் என் தலையில் கட்டுகிறார்கள், நான் உழவன் தலையில் கட்டுகிறேன்" என்பார். இருக்கலாம். தலைமாற்றித் தலைமாற்றி வந்த சுமை கடைசியில் எந்தத் தலையில் இறங்குகிறது? அதற்குப் பிறகு கைமாற்ற வேறு தலையில்லாத தலையில்!

இன்னொரு ஆபத்தையும் சொல்லவேண்டும். ஊக்கி நல்லது என்று நான் எழுதியதை எடுத்துக்கொண்டு, "பார்த்தீர்களா, தண்ணீர் இல்லாவிட்டாலும் பாட்டில் இருக்கிறது" என்று யாராவது ஏரியை மறந்தால், அது நான் செய்த பாவமாகும். 2016-இல் வடகிழக்குப் பருவமழை 62 சதவீதம் பொய்த்தது. 2017 ஜனவரியில் தமிழகம் முழுவதுமே வறட்சிப் பகுதியென்று அறிவிக்கப்பட்டது. 2019 கோடையில், சென்னைக்குத் தண்ணீர் தரும் நம் மாவட்டத்துப் பூண்டி ஏரியே வறண்டு வெடித்துக் கிடந்தது. அந்த நாளில் எந்தப் பாட்டில் யாரைக் காப்பாற்றியது? நூல் இருந்தால்தான் கஞ்சி! ஏரியைத் தூர்வாருவது, வரத்துக்கால் ஆக்கிரமிப்பை எடுப்பது, பள்ளிப்பட்டுப் பக்கம் கொசஸ்தலையாற்றில் வரும் வெள்ளத்தைத் தேக்குவது ஆகியவைதான் முதற்கடமை. அதற்குப் பின்தான் தெளிப்பான்.

எல்லைக்காகப் போராடிய மண் இது. 1960 ஏப்ரல் முதல் நாள் திருத்தணி தமிழகத்தோடு சேர்ந்தபோது எங்கள் பெரியவர்கள் கண்ணீர் மல்கக் கைதட்டினார்கள். மண்ணை மீட்டார்கள் அவர்கள். அந்த மண்ணின் ஈரத்தையாவது நாம் காக்க வேண்டாமா?

ஆகவே, கழகத் தோழர்கள் ஊர்தோறும் செய்யவேண்டிய வேலை ஒன்று உண்டு. மேடை வேண்டாம், ஒலிபெருக்கி வேண்டாம், ஒரு தராசு போதும்.

கிழங்குப் பயிர் உள்ள ஒரு வயலைத் தேர்ந்துகொள்ளுங்கள். பத்து வரிசை எடுத்து ஒன்றுவிட்டு ஒன்றாகப் பிரியுங்கள். ஐந்து வரிசைக்கு ஊக்கி. மற்ற ஐந்துக்கு அதே நாளில் அதே அளவு வெறும் தண்ணீர். இந்த வெறும் தண்ணீர் முக்கியம். இல்லையென்றால் பலன் ஊக்கியாலா, தெளித்த ஈரத்தாலா என்று தெரியாது. வரப்போரத்து வரிசையை விட்டுவிடுங்கள். அங்கே ஈரம் வேறு. தோண்டும் நாளில் இரண்டையும் தனித்தனியே நிறுங்கள். கூடுதல் எடைக்கு வந்த விலையிலிருந்து பாட்டில் விலையையும் தெளிப்புக் கூலியையும் கழியுங்கள். மிச்சம் நின்றால் ஊருக்குச் சொல்லுங்கள். மிச்சம் இல்லையென்றால் அதையும் சொல்லுங்கள், இன்னும் உரக்கச் சொல்லுங்கள்! ஒரு வயல் பொய் சொல்லலாம். ஊருக்குப் பத்து வயல் ஒன்றாகப் பொய் சொல்லாது.

கடையில் பாட்டிலைக் கட்டினால் ரசீது கேளுங்கள்; ரசீதோடு வேளாண்மை உதவி இயக்குநர் அலுவலகத்துக்குப் போங்கள். தனியாகப் போகாதீர்கள், பத்துப் பேராகப் போங்கள். தனிமனிதன் கேட்டால் தகராறு. பத்துப் பேர் கேட்டால் நியாயம்! தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கத்தில், பல்கலைக்கழகம் தரும் நுண்ணுயிரும், சோதித்துத் தேறிய கடற்பாசிச் சாறும், தமிழில் அச்சிட்ட அளவுக் குறிப்போடு கிடைக்கவேண்டுமென்று தீர்மானம் போடுங்கள். கொல்லையில் மாடு இருப்பவன் தன் கரைசலைத் தானே செய்துகொள்ளட்டும். சங்கத்தில் வாங்குபவன் வாங்கட்டும். எவன் தலையிலும் எதுவும் கட்டப்படக் கூடாது.

நேற்று மறுபடி பெரியவரைப் பார்த்தேன். கொடியின் அடியில் காய்ந்த கரும்புத் தோகையைப் பரப்பி ஈரம் காத்துக்கொண்டிருந்தார். சொன்னேன்: "பெரியவரே, அந்தப் பாட்டில்ல இருக்கறது நல்ல சரக்கா, வெறும் தண்ணியான்னு பார்த்துச் சொல்ல என்னால முடியாது. நல்ல ஊக்கியா இருந்தா கொடி தாங்கறதுக்கு ஒத்தாசை பண்ணும். தண்ணிக்குப் பதிலாகாது. பாதிக்கு அடிங்க, பாதிய வெறும் தண்ணியோட விடுங்க. தோண்டும்போது நான் தராசோட வர்றேன்."

பெரியவர் சிரித்தார். "இத்தினி நாளா எல்லாரும் நம்புன்னாங்க, இல்லேன்னா நம்பாதேன்னாங்க. நீதான் தம்பி நிறுத்துப் பாருன்னு சொன்னே" என்றார்.

தோண்டும் நாளுக்குக் காத்திருக்கிறேன் தோழர்களே. கூடினாலும் குறைந்தாலும், காட்டிய எடையை இதே பத்தியில் எழுதுவேன். நாம் பேசியது போதும். இனித் தராசு சொல்லட்டும்!